நுண்ணந்துகளின் பேரேடு

உருவத்தாற் பெரியன எளிதில் மக்கள் கண்ணைக் கவர்கின்றன. யானைக்கும் மயிலுக்கும் நெஞ்சில் கிடைத்த இடம், விளக்கைச் சுற்றிப் பறந்து வீழும் சிறு பூச்சிக்குக் கிடைக்கவில்லை. இரவு உணவின்போது அஃது இலையில் வீழ்ந்தால் விரலால் ஒதுக்கிவிடுகின்றனர். அத்தோடு அதனைப் பற்றிய எண்ணமும் ஒழிகின்றது. ஆயினும், அவ்வாறு ஒதுக்கப்படும் பூச்சிகளுள் ஒன்று தென்னந்தோப்பை வாடச் செய்வதாக இருக்கலாம். மற்றொன்று குதிரில் உள்ள நெல்லைப் பதராக்குவதாக இருக்கலாம். வேறொன்று எவர்க்கும் தீங்கு செய்யாமல், உதிர்ந்த சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்குவதாகவும் இருக்கலாம். நன்மை செய்வது எது, தீமை செய்வது எது என்று பிரித்தறிய முதற்கண் வேண்டுவது அதன் பெயர். அப்பெயர் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது? அதனை எழுதி வைத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்குரிய விடை, பொருட்காட்சிச்சாலைகளின் இழுப்பறைகளில் அடங்கியுள்ளது.

சேமித்து வைத்த தானியத்தைத் துளைத்து வாழும் சிறு பூச்சியைத் தமிழர் ‘அந்து’ என்றனர். அச்சொல் இன்று பொருள் விரிந்து, வண்ணத்துப்பூச்சிக்கு உறவாய்ப் பெரும்பாலும் இரவில் பறக்கும் பூச்சிகள் அனைத்தையும் குறிக்கின்றது. இவற்றின் சிறகுகளில் மாவு தூவினாற்போல் மெல்லிய செதில்கள் படிந்திருக்கும். ஆதலின் வண்ணத்துப்பூச்சியும் அந்தும் சேர்ந்த பெருங்கூட்டத்தைச் செதிற்சிறகிகள் என்பர். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட செதிற்சிறகிகள் ஒன்றரை இலட்சம் வகைக்கு மேற்பட்டவை. அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் சிறு பகுதியே. எஞ்சியவை எல்லாம் அந்துகள். அந்துகளிலும் மிகச் சிறியன பல. சிறகை விரித்து அளந்தாலும் ஓர் அங்குலத்தை எட்டாதவையே இவற்றுள் மிகுதி. சிலவற்றின் சிறகு விரிவு மூன்று மில்லிமீட்டர் அளவே. இவற்றை நுண்ணந்துகள் எனலாம். இவற்றின் புழுக்களுள் சில, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே சுரங்கம் அறுத்து வாழும். சில இலையை நூலால் தைத்துச் சுருட்டி அதனுள் உறையும். சில தாமே ஒரு கூடு பின்னி, அதனைத் தம்மோடு இழுத்துத் திரியும்.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கீழ்புத்துப்பட்டு என்னும் ஊர் உள்ளது. இவ்வூரில் ஐயனார் கோயிலும், அதனைச் சூழ்ந்து பழமையான கோயிற்காடும் உள்ளன. மழை குறைந்த இக்கடற்கரையில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்கும் காடு இது. தெய்வத்திற்கு உரியதென்று மக்கள் காத்து வந்தமையால், சோழ மண்டலக் கரையின் பழைய காட்டு வகை இங்கு எஞ்சி நிற்கின்றது. காயாவும் பிற மரங்களும் அடர்ந்து, அவற்றைப் பருத்த கொடிகள் தழுவிக் கிடக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இக்காட்டின் மரங்களையும் கொடிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுத்துள்ளனர். இப்பகுதியில் ஒருபுறம் தென்னையும் சவுக்கும், ஒருபுறம் வேர்க்கடலைக் கொல்லைகளும் உள. கடலையை இந்நாட்டார் மல்லாட்டை என்று வழங்குவர். வடக்கே செல்லச் செல்லக் கழுவெளி ஏரியும், மரக்காணத்தின் வெண்ணிற உப்பளங்களும் தோன்றும்.

இத்துணை வேறுபட்ட நிலங்கள் நெருங்கி அமைந்த இடத்தில், ஒவ்வொரு செடிக்கும் உரிய சிறு புழுக்களும் பலவாகவே இருக்கும். காட்டு மரத்தின் இலையைச் சுருட்டுவது ஒரு வகை. மல்லாட்டை இலையைச் சுருட்டுவது மற்றொரு வகை. உழவர் இதனைச் சுருள்பூச்சி என்பர். விளக்கொளியில் வெண்துணி கட்டினால் இவற்றின் அந்துகள் எல்லாம் ஒன்றாக வந்து அமரும். பார்வைக்கு யாவும் பழுப்பும் சாம்பலுமாக ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைக் கண்ணால் மட்டும் கண்டு இனங்காண முயல்வது, கை எழுத்துத் தெரியாதவன் பத்திரங்களைப் பிரித்து அடுக்க முயல்வது போன்றதாகும். முன்னரே பெயர் அறியப்பட்ட ஒரு பூச்சியோடு ஒப்பிட்டாலன்றி ஐயம் தீராது. அவ்வாறு ஒப்பிடுவதற்கென்று பாதுகாக்கப்பட்ட பூச்சிகளே பொருட்காட்சிச்சாலையின் செல்வம்.

ஒரு நுண்ணந்தைச் சேமித்து வைப்பது எளிய செயலன்று. பெரிய பூச்சியின் மார்பில் குண்டூசியைக் குத்தி நிறுத்தலாம். நுண்ணந்தின் மார்போ குண்டூசியின் பருமனைத் தாங்காது சிதைந்துவிடும். ஆகவே மயிரிழை போன்ற மெல்லிய எஃகு ஊசியால் அதனைக் குத்துவர். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு, செதில் உதிராதவாறு நான்கு சிறகுகளையும் விரித்து உலர வைப்பர். உலர்ந்தபின் அச்சிறு ஊசியை நெட்டித் துண்டு போன்ற மெல்லிய பொருளின்மேல் நாட்டி, அத்துண்டைப் பெரிய ஊசியில் கோத்து நிறுத்துவர். அப்பெரிய ஊசியிலேயே பூச்சிக்குக் கீழே சிறு சீட்டுகளைக் கோப்பர். பிடித்த ஊர், பிடித்த நாள், பிடித்தவர் பெயர், புழுவாக இருந்தபோது உண்ட செடி ஆகியவை அச்சீட்டுகளில் நுண்ணிய எழுத்தில் இருக்கும். சீட்டில்லாத பூச்சி எத்துணை அழகியதாயினும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. ஊரும் நாளும் தெரியாத சாட்சியின் சொல்லை எந்த மன்றம் ஏற்கும்?

இவ்வாறு சேர்ந்த பூச்சிகளுள் ஒன்றற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் புதிய வகை ஒன்றனைக் கண்டு, அதற்குப் பெயரிட்டு, அதன் இயல்பை எழுதி வெளியிடும்போது, எந்தப் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினாரோ அதுவே அப்பெயருக்கு மூலப்படி ஆகும். பிற்காலத்தில் எழும் ஐயங்களை எல்லாம் அம்மூலப்படியே தீர்த்து வைக்கும். நிறுத்தலளவைக்கு முத்திரைப் படிக்கல் எப்படியோ, பெயருக்கு மூலப்படி அப்படி. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து விலங்குகளின் அறிவியற்பெயர்கள் கணக்கிடப்படுகின்றன. ஒரே விலங்குக்கு இருவர் இரு பெயர் இட்டுவிட்டால், முன்னர் இட்ட பெயரே நிலைக்கும் என்பது பொதுவிதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து பூச்சிகள் பெட்டி பெட்டியாக இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலைக்குச் சென்றன. அங்குள்ள செதிற்சிறகிகளுக்கு அட்டவணை இயற்றும் பணியைப் பிரான்சிஸ் வாக்கர் என்பவர் மேற்கொண்டார். 1854 முதல் 1866 வரை முப்பத்தைந்து பகுதிகளாக அவ்வட்டவணை வெளிவந்தது. மலை போன்ற அப்பணியை ஒருவரே விரைந்து செய்தமையால் ஒரே பூச்சிக்கு இருமுறை பெயரிட்ட பிழைகளும் அதில் நேர்ந்தன. அவர் எழுதிய வருணனைகள் சுருக்கமானவை; அவற்றைக் கொண்டு பூச்சியை அறிவது அரிதாக இருந்தது.

வாக்கருக்குப் பின் நுண்ணந்துகளில் பெரும்பணி ஆற்றியவர் எட்வர்டு மெய்ரிக். 1854-ஆம் ஆண்டில் பிறந்த இவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். இளமையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலந்திலும் ஆசிரியராக இருந்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, மார்ல்பரோ கல்லூரி என்னும் பள்ளியில் 1914 வரை கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்பித்தார். பள்ளிப் பணி போக எஞ்சிய நேரத்தில் நுண்ணந்துகளை ஆராய்ந்தார். அவர் கையில் இருந்த கருவி உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே. உலகின் பல பகுதிகளிலிருந்தும் அன்பர்கள் அவர்க்குப் பூச்சிகளை அனுப்பி வந்தனர். 1912-ஆம் ஆண்டு முதல் 1937 வரை, அயல்நாட்டு நுண்ணந்துகளுக்கென்றே ஒரு வெளியீட்டை அவர் தாமே நடத்தினார். தம் வாழ்நாளில் 14,000-க்கும் மேற்பட்ட வகைகளுக்கு அவர் பெயரிட்டார். 1938-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவர் சேர்த்து வைத்த இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்துகள் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன.

மெய்ரிக்குக்கு இந்தியாவிலிருந்து அந்துகளை அனுப்பியவருள் குறிப்பிடத்தக்கவர் பெயின்பிரிட்ஜ் பிளெச்சர் ஆவர். கடற்படை அலுவலராக இருந்த அவர், பூச்சிகளின்பாற்கொண்ட பற்றால் அவ்வாராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு, சென்னை மாகாண அரசின் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றினார். பின்னர்ப் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசின் பூச்சியியல் அறிஞரானார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய அவரது நூல் 1914-இல் சென்னையில் வெளிவந்தது. அந்துகளைப் பிடிப்பதோடு அவர் அமையவில்லை. புழுக்களை உரிய இலையோடு வைத்து வளர்த்து, அவை அந்தாக வெளிவரும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றன் வாழ்க்கையையும் பதிவு செய்தார். இந்திய நுண்ணந்துகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து 1920-இல் ஒரு பெருங்கட்டுரை எழுதினார். கோயம்புத்தூரில் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் முதலிய நம் நாட்டு அறிஞரும் இத்துறையில் உழைத்தனர். ஐயர் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றி எழுதிய கைந்நூல் 1940-இல் வெளிவந்து, வேளாண்மை மாணவர்க்கு நெடுங்காலம் வழிகாட்டியது.

1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் பீகாரில் நிகழ்ந்த பெருநிலநடுக்கம் பூசா நிலையக் கட்டடத்தைச் சிதைத்தது. நிலையம் 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. அங்குள்ள பூச்சித் தொகுதி இன்றும் தேசியப் பூசாத் தொகுதி என்றே வழங்குகின்றது. ஆகவே நம் நாட்டு நுண்ணந்துகளை ஆராய்வோர் தில்லியின் இழுப்பறைகளையும் இலண்டனின் இழுப்பறைகளையும் ஒருங்கே நோக்க வேண்டியவராயினர். பூச்சி பிறந்தது இந்நாட்டு இலையில். மூலப்படி இருப்பதோ கடல் கடந்த நகரில்.

மெய்ரிக்கின் சேகரம் பொருட்காட்சிச்சாலையை அடைந்ததும் ஒரு பெருஞ்சிக்கல் எழுந்தது. அவர் எழுதிய வருணனைகள் செறிவானவை. ஆனால் அவற்றுக்குப் படங்கள் இல்லை. ஒரு பெயருக்கு அவர் பல பூச்சிகளை வைத்திருந்தார். அவற்றுள் மூலப்படி எது என்று தனித்துக் குறித்திலர். அன்றியும், சிறகின் நரம்பையும் நிறத்தையும் நோக்கியே அவர் இனம் பிரித்தார். பிற்கால அறிஞரோ, வயிற்றின் நுனியில் அமைந்த இனப்பெருக்க உறுப்புகள் வகைக்கு வகை வேறுபடுவதைக் கண்டனர். புறத்தில் ஒன்றாய்த் தோன்றும் இரு அந்துகள் இவ்வுறுப்பால் வேறு வேறு எனத் தெளியப்படும்.

இச்சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர், அமெரிக்க நாட்டுத் தேசியப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த கேட்ஸ் கிளார்க். அவர் இழுப்பறை இழுப்பறையாக மெய்ரிக்கின் அந்துகளை எடுத்து நோக்கினார். ஒவ்வொரு பெயருக்கும் உரிய பூச்சிகளைத் திரட்டி, வருணனையோடு ஒத்த ஒன்றனைத் தேர்ந்து, அதுவே மூலப்படி என நிறுவினார். அதன் வயிற்றைப் பிரித்தெடுத்துக் காரநீரில் இளக்கி, தூய்மை செய்து, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதித்தார். தகட்டில் இட்ட எண்ணையே பூச்சியின் ஊசியிலும் சீட்டாகக் கோத்தார். ஊசியில் ஒரு பகுதியும் தகட்டில் ஒரு பகுதியுமாகப் பிரிந்த ஒரே பூச்சியை அவ்வெண் ஒன்றே பிணைத்து நிற்கின்றது. அது தவறினால் இரண்டும் பயனற்றுப் போம். பின்னர் சிறகையும் உறுப்பையும் படம் எடுத்து அச்சிட்டார். 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக இவ்வட்டவணை வெளிவந்தது. கடல் கடந்து செல்ல இயலாத ஆராய்ச்சியாளரும் மூலப்படியின் உருவத்தைத் தம் மேசைமேல் விரித்துக் காண வழி பிறந்தது.

ஒரு பூச்சியின் பெயரைச் சரிபார்ப்பதற்கு இத்துணை உழைப்பு வேண்டுமோ என்னும் வினா எழலாம். கீழ்புத்துப்பட்டுக் கரையின் தென்னையே அதற்கு விடை கூறும். தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் எச்சமும் கலந்த குழாய் போன்ற மறைவை அமைத்து, அதனுள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் புழு ஒன்று உண்டு. அதன் தலை கருமையாக இருப்பதால் உழவர் அதனைக் கருந்தலைப்புழு என்பர். அது மிகுந்தால் ஓலைகள் தீயில் கருகியனபோல் தொலைவிலிருந்தே தோன்றும். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், இலங்கை ஆகிய இடங்களின் தென்னைக்கு இது பெரும்பகை. இதன் அந்துக்கு மெய்ரிக் 1905-இல் ‘நெபாண்டிஸ் செரினோப்பா’ என்று பெயரிட்டார். வேளாண்மை நூல்களும் அறிக்கைகளும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயரையே வழங்கின.

ஆனால், அதே அந்துக்கு 1864-ஆம் ஆண்டிலேயே வாக்கர் ‘ஒபிசினா அரினோசெல்லா’ என்று பெயரிட்டிருந்தார். வாக்கரின் பெயர் அட்டவணையில் மறைந்து கிடந்தது; மெய்ரிக்கின் பெயர் தோப்புகளில் புகழ்பெற்றது. இரண்டும் ஒன்றே எனப் பின்னர்த் தெளிந்தபோது, முந்திய பெயரே நிலைக்கும் என்னும் விதிப்படி வாக்கரின் பெயர் நிலைபெற்றது. ‘அரினா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு மணல் என்பது பொருள். மணற்பாங்கான கரையில் தென்னையை அண்டி வாழும் அந்துக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இப்பெயர் மாற்றம் வெறும் சொல் மாற்றமன்று. இப்புழுவை அழிக்கும் சிறு குளவி ஒன்று உண்டு. அது புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடலில் முட்டையிடும். குளவியின் குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். இக்குளவிகளை ஆய்வுக்கூடங்களில் வளர்த்துத் தென்னந்தோப்புகளில் விடுகின்றனர். நஞ்சு தெளிக்காமல் தென்னையைக் காக்கும் வழி இது. இக்குளவியின் பெயர் ‘கோனியோசஸ் நெபாண்டிடிஸ்’. புழுவின் பழைய பெயர் மறைந்தும், குளவியின் பெயரில் அது நின்று நிலவுகின்றது. பழைய பெயரில் எழுதப்பட்ட அறிவுரைகளையும் புதிய பெயரில் எழுதப்பட்ட ஆராய்ச்சிகளையும் இணைத்துக் காட்டும் அட்டவணை இல்லையேல், ஒரே பூச்சியைப் பற்றிய அறிவு இரு கூறாகப் பிளவுபட்டு நிற்கும். ஒரு தலைமுறை கண்ட உண்மையை மறுதலைமுறை மீண்டும் முதலிலிருந்து தேட நேரும். அத்தேட்டத்திற்குள் தோப்பு கருகிவிடும். பெயரைச் சரிபார்ப்பவர் உழவரின் நிலத்தை மிதியாதவராயினும் உழவர்க்கு உதவுபவரே ஆவர்.

அட்டவணை இயற்றுவோர் பூச்சியை அறிந்தால் மட்டும் போதாது. ஊரையும் வரலாற்றையும் அறிதல் வேண்டும். பழைய சீட்டு ஒன்றில் ‘தென்னார்க்காடு’ என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அம்மாவட்டம் 1993-இல் விழுப்புரம், கடலூர் என இரண்டாகப் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே அப்பூச்சி மூன்று மாவட்டங்களுள் எதனைச் சார்ந்தது என்பது அச்சொல்லால் விளங்காது. உப்பளக் கரையைச் சார்ந்ததா, கல்வராயன் மலையைச் சார்ந்ததா என்பதும் புலப்படாது. புத்துப்பட்டு, புதுப்பட்டு என வழங்கும் ஊர்களும் தமிழ்நாட்டில் பல. ஆதலின் ‘கீழ்’ என்னும் ஒரு சொல் விடுபட்டாலும் பூச்சி வேற்றூர்க்கு உரியதாகிவிடும். ‘கீழ்புத்துப்பட்டு, ஐயனார் கோயிற்காடு, காயா இலையில் வளர்ந்த புழு’ என்று ஊரும் இடமும் செடியும் விளங்க எழுதி, நாளையும் சேர்ப்பதே நன்முறை. பழைய சீட்டில் பிழை கண்டால் அதனைத் திருத்துதலும் களைதலும் கூடா. அதன்கீழ்ப் புதிய சீட்டைக் கோத்து, தம் கருத்தையும் பெயரையும் ஆண்டையும் குறித்தல் வேண்டும். முன்னோர் எழுத்தும் பின்னோர் திருத்தமும் ஒரே ஊசியில் நின்று, வருவோர்க்கு வழக்கின் வரலாற்றை உரைக்கும்.

இத்தொகுதிகளுக்குப் பகையும் உண்டு. பொருட்காட்சிச்சாலை வண்டு என்னும் சிறு வண்டின் புழு, உலர்ந்த பூச்சிகளைத் தின்று ஊசியையும் சீட்டையும் மட்டும் எஞ்சவிடும். ஈரக்காற்று புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரை நகரங்களில் இவ்விடர் மிகுதி. இறுக மூடும் பெட்டிகளும், ஈரம் நீக்கிய அறையும், இடையறாத மேற்பார்வையுமே காவல். ஐம்பது ஆண்டு காத்த செல்வம் ஒரு மழைக்காலத்தின் சோர்வால் பொடியாகிவிடும்.

இக்காலத்தில் புதிய துணைகள் வந்துள்ளன. அந்தின் ஒரு காலை மட்டும் எடுத்து, அதன் உயிரணுவில் உள்ள மரபுப்பொருளின் ஒரு சிறு பகுதியைப் படித்து இனங்காணும் முறை 2003-ஆம் ஆண்டு முதல் பரவியுள்ளது. மூலப்படிகளின் படங்களைக் கணிப்பொறி வழியே எந்நாட்டாரும் காண்கின்றனர். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூச்சிகளுக்கென்றே அமைத்த பொருட்காட்சிச்சாலை 2018-இல் திறக்கப்பட்டு, மாணவரும் பொதுமக்களும் கண்டு பயன்பெறும் இடமாகியது. ஆயினும், மரபுப்பொருளைப் படித்தறிந்த பின்னரும், அதனை எந்தப் பெயரோடு இணைப்பது என்னும் வினா எழும். அப்போது பழைய இழுப்பறையில் உள்ள மூலப்படியையே நாட வேண்டும். கருவி புதிதாயினும் படிக்கல் பழையதே.

கீழ்புத்துப்பட்டுக் காட்டைத் தெய்வத்தின் பெயரால் மக்கள் காத்தனர். ஆதலால் அதன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. நுண்ணந்துகளை அறிவின் பெயரால் சிலர் காத்தனர். ஆதலால் அவற்றின் பெயர்கள் நிற்கின்றன. காடு அழிந்தபின் பெயர் மட்டும் எஞ்சுவதனால் பயனில்லை. பெயர் அறியாமல் காட்டை மட்டும் காப்பதனாலும் அதன் முழுப்பயன் விளங்காது. இரண்டும் ஒருங்கே நிலைபெறுதல் வேண்டும். விளக்கடியில் வீழ்ந்த ஒரு சிறு அந்தை ஒதுக்கிவிடாமல், அது பிறந்த இலையையும் ஊரையும் நாளையும் பிழையின்றி எழுதி வைக்கும் இளைஞர் ஒருவர், வாக்கரும் மெய்ரிக்கும் பிளெச்சரும் கிளார்க்கும் எழுதிவந்த பேரேட்டில் தாமும் ஒரு வரி எழுதியவர் ஆவர்.